பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு நாள்

கூட்டுறவுத் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றும் எம்போன்றோர்க்கு ஊர் பார்ப்பது என்பது பெரும்பாலும் பேரேடு பார்ப்பதாகவே முடிந்துவிடுகிறது. சங்கத்தின் வாயிலில் இறங்கி, ரொக்க இருப்பை எண்ணி, தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, மாலைப் பேருந்தில் திரும்புகின்ற எங்களுக்கு அவ்வூர் ஆறு எத்திசையில் ஓடுகிறது என்பதுகூடத் தெரியாமற் போவதுண்டு. அக்குறையைத் தீர்த்துக்கொள்ளும் எண்ணத்துடன், தை மாதத்து விடுமுறை நாளொன்றில் பழவேற்காட்டுக்குப் பயணமானேன். அலுவல் ஏதும் இல்லை. கையில் கோப்பும் இல்லை. ஆயினும் அங்கே கண்டவற்றை நம் சங்க உறுப்பினர்களாகிய நெசவாளப் பெருமக்களும் உழவர் பெருமக்களும் அறிதல் நலம் எனத் தோன்றியமையால் இதனை எழுதலானேன்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும். ஆரணி ஆற்றங்கரையிலுள்ள பொன்னேரியைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் நெல்வயல்கள் விரிகின்றன. திருப்பாலைவனத்தைக் கடந்த பின்னர் வயல்கள் மெல்ல மெல்ல ஒதுங்க, உவர்நிலமும் பனைமரமும் தலைகாட்டுகின்றன. காற்றில் உப்பு மணம் கலந்து வருகிறது.

பால் ஊற்றும் வரிசை

போகும் வழியில் ஒரு சிற்றூரில் இறங்கினேன். அவ்வூர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலர் எனக்கு அறிமுகமானவர். "வந்தது வந்தீங்க, காலைக் கொள்முதலைப் பார்த்துட்டுப் போங்க சார்" என்று அவர் முன்பே அழைத்திருந்தார். பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. தூக்குவாளியும் எவர்சில்வர்ப் பாத்திரமும் ஏந்திய பெண்கள் பதின்மர் வரிசையில் நின்றனர். ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பெற்றது. சிறிதளவு எடுத்துக் கொழுப்பும் ஏனைய திடச்சத்தும் சோதிக்கப்பெற்றன. அளவும் தரமும் விலையும் குறித்த சீட்டு ஒன்று உடனே கைக்கு வந்தது. வரிசையில் கடைசியாக நின்ற மூதாட்டிக்கு ஒரே ஒரு கறவை மாடுதான். அவருக்கு முன்னால் நின்றவரோ எட்டு மாடுகளுக்கு உரியவர். இருவருக்கும் ஒரே கருவி. ஒரே விலைப் பட்டியல். மூதாட்டி சீட்டை வாங்கிக் கண்ணருகே வைத்து, எண்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தபின் முந்தானையில் முடிந்துகொண்டார்.

இக்காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆகவே அதன் அருமை புலப்படுவதில்லை. 1946ஆம் ஆண்டில் குஜராத்தின் கைரா மாவட்டத்து உழவர்கள், தங்கள் பாலுக்கு விலை சொல்லும் உரிமை தங்களுக்கு இல்லாமை கண்டு வெகுண்டு, பால் ஊற்றுவதையே நிறுத்திப் போராடினார்கள். சர்தார் படேலின் அறிவுரையும் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையும் அவர்களுக்குத் துணை நின்றன. அவ்வாண்டு டிசம்பரில் ஆனந்தில் அவர்களுடைய கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. அம்முறையே பின்னர் நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் 1958இல் பால்வளத் துறை தோன்றியது. 1981இல் மாநில அளவிலான பால் உற்பத்தியாளர் இணையம் பதிவு செய்யப்பெற்றது. மூதாட்டியின் முந்தானையிலிருந்த சீட்டின் பின்னால் இத்தனை வரலாறும் இருக்கிறது. அச்சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறேன். அன்று முழுவதும் நான் அதனைத் தேடிக்கொண்டே திரிந்தேன்.

ஏரியின் தோற்றம்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்கோடிப் பகுதியே நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் இடையே வரப்புப்போல் கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறும், வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இவ்விரு நீரும் கலப்பதே ஏரியின் உயிர். கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலை நாடிச் செல்கின்றன. மடவையும் கிழங்கானும் பச்சை நண்டும் இங்கு பெயர் பெற்றவை.

நான் சென்ற வேளையில் பூநாரைக் கூட்டம் ஒன்று தொலைவில் நின்றிருந்தது. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நீண்ட கோடு ஒன்றை நீரின் மேல் இழுத்தாற்போல் இருந்தது அக்காட்சி. தமிழகத்துப் பகுதி 1980இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றதாகலின், நீண்ட கால்களையுடைய அப்பறவைகள் நடந்தவாறே இரை தேடுகின்றன. படகேறிச் சென்று அருகில் காணலாமே என்ற ஆசை எனக்கும் எழுந்தது. ஆனால் 2011 டிசம்பர் 25ஆம் நாள் சுற்றுலா வந்தோர் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பெற்றதும் நினைவுக்கு வந்தன. கரையிலிருந்தே கண்டு மகிழ்ந்தேன். செல்லும் அன்பர்களும் அவ்வாறே செய்க.

துணியால் பெயர் பெற்ற ஊர்

நெசவாளத் தோழர்கள் இவ்வூருக்குத் தனியுறவு கொண்டாடலாம். மலேயாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலெகாட்' என்று பெயர். பெலெகாட் என்பது புலிக்காட். அதாவது, ஐரோப்பியர் நாவில் திரிந்த நம் பழவேற்காடே அது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரை வாணிகத்துக்கு இதனையே தலைமையிடமாக வைத்திருந்தனர். இப்பகுதித் துணியைக் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஈடாக மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பெற்றார்கள். துணியோடு கூட மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள் என்பதையும் மறைத்தலாகாது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இன்று கோட்டை மண்மேடாய்ப் புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவச் சிற்பங்கள் இரண்டு நம்மை வரவேற்கின்றன. செம்புரைக் கல்லால் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், மகிமை மாதா ஆலயமும், பள்ளிவாசல்களும் ஒரு நாழிகை நடைக்குள் அடங்கிவிடுகின்றன. இஸ்லாமியப் பெண்மணிகள் பனையோலையில் வண்ணப் பெட்டிகள் முடைகின்றனர். ஆனால் நான் நடந்த தெருக்களில் தறியொலி மட்டும் கேட்கவில்லை.

அக்காலத்துத் துணி வாணிகம் எவ்வாறு நடந்தது என்பது நாம் கருதத்தக்கது. கும்பினியார் உள்ளூர் வணிகர்க்கு முன்பணம் கொடுத்தனர். அவ்வணிகர் நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்தனர். முன்பணம் வாங்கியவர், கொடுத்தவருக்கே துணியை அளிக்கக் கடமைப்பட்டவரானார். இதனைப் படிக்கும்போது எனக்கு என் தந்தையாரின் தறி நினைவுக்கு வருகிறது. அவர் கைத்தறி நெசவாளர். ஒரு தீபாவளிக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடுத்த தீபாவளி வரையில் எங்கள் குடும்பத்தைத் தறியோடு கட்டிப்போட்டிருக்கும். கூலி எவ்வளவு என்று கேட்டால், "கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதே விடை.

பாடு என்னும் பங்கீடு

கல்லறைத் தோட்டத்திலிருந்து ஏரிக்கரைக்கு வந்தேன். அங்கே ஒரு சிறு மண்டபத்தின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் கூட்டுறவுத் துறையினன் என அறிந்ததும் இடம் கொடுத்து அமரச் சொன்னார். அவரிடமும் அவர் தோழர்களிடமும் நான் கேட்டறிந்தது 'பாடு' என்னும் முறை.

ஏரி ஒன்றுதான், ஆயினும் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் படுவதில்லை. முகத்துவாரத்தை அடுத்த ஓட்டங்களில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். மற்ற இடங்களில் குறையும். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். இதனைத் தவிர்க்கக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மீனவ ஊரார் தலைமுறை தலைமுறையாக ஒரு நெறியைக் கடைப்பிடித்து வருகின்றனர். உரிமையுள்ள தலைக்கட்டுகளின் பெயர்கள் ஊர்ப் பதிவில் இருக்கும். ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்று முறை வகுப்பார்கள். இன்று நல்ல இடம் பெற்றவர் மறுமுறை வேறிடம் செல்வார். எவ்வகை வலையைப் பயன்படுத்தலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. மீறியவர்க்கு ஊரே தண்டம் விதிக்கும்.

இத்தகைய முறை இங்கு மட்டும் உள்ளதன்று. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்து வலை கட்டுகின்றன. பொதுவில் உள்ள நீரையும் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்துக் காக்க முடியும் என்பதை ஆய்ந்து நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பதிவாளர் அலுவலகத்து முத்திரை ஏதும் இல்லாமல், துணைவிதி அச்சிடாமல், நம் குப்பத்து மக்கள் அதனைச் செய்து வந்திருக்கின்றனர் என எண்ணியபோது எனக்குப் பெருமிதமே உண்டாயிற்று.

ஆனால் பெரியவர் என் பெருமிதத்தில் பங்குகொள்ளவில்லை. "தண்ணியப் பங்கு போட எங்க பாட்டன் பூட்டன் வழி பண்ணி வெச்சிட்டுப் போனாங்க சார். வெலையப் பங்கு போட யாரும் வழி பண்ணலையே" என்றார்.

விலை அறியாத இறால்

அவர் கூறியதன் பொருள் சற்று நேரத்தில் விளங்கிற்று. படகு ஒன்று கரையை அடைந்தது. இரண்டு கூடை இறாலுடன் இறங்கிய இளைஞர், ஏலம் நடக்கும் பக்கம் திரும்பாமல் நேரே ஒரு வியாபாரியின் ஐஸ்பெட்டியருகே சென்று கூடைகளை இறக்கினார். எடை போட்டவர் வியாபாரியின் ஆள், எழுதிக்கொண்டவரும் அவரே. "இன்று என்ன விலை தம்பி?" என்று கேட்டேன். "கணக்கு அவர்கிட்ட இருக்கு சார். சாயங்காலம் சொல்வாரு" என்றார் இளைஞர்.

வலைக்கும் எஞ்சினுக்கும் அவர் அவ்வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அக்கடனுக்கு வட்டி என்று பெயரளவில் ஒன்றும் இல்லை. பிடித்ததையெல்லாம் அவருக்கே தருதல் வேண்டும். விலையை அவரே சொல்வார். அதுவே வட்டி. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் உறவு முறியும் என்று இருவருமே அஞ்சுகின்றனர். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் துணி போன வழியிலேயே இன்று இறாலும் போகிறது!

வியாபாரியை மட்டும் குறைகூறுதல் முறையன்று. நள்ளிரவில் வீட்டில் நோய் கண்டாலும், புயலில் வலை அறுந்தாலும் கதவைத் தட்டியவுடன் பணம் கொடுப்பவர் அவரே. நம் சங்கத்தில் கடன் கேட்டால் மனு, ஜாமீன், பரிந்துரை, தீர்மானம் என்று வாரங்கள் கழிகின்றன. அதற்குள் இறால் பருவமே போய்விடும். இவ்வூரைச் சார்ந்த மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலர் ஒருவருடன் உரையாடினேன். உறுப்பினர் 1500 ரூபாய் சேமித்தால் மத்திய மாநில அரசுகளின் பங்கு 3000 ரூபாய் சேர்ந்து 4500 ரூபாயாகக் கிடைக்கும் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கும், தடைக்கால உதவிக்கும் உரிய பட்டியல்களைத் தயாரிப்பதே தம் பெரும்பணி என்றார். அவை வேண்டியனவே. ஆயினும் உறுப்பினர் பிடித்த ஒரு கிலோ இறாலைக்கூடச் சங்கம் எடை போட்டதில்லை.

வரிசையில் இடம் இல்லாதோர்

இன்னொன்றும் கண்டேன். கரையோரத்து இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் நால்வர், பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்தவாறே குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பொறுக்கிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு வலை இல்லை, படகு இல்லை, பாட்டில் முறையும் இல்லை. பாடு என்பது அவ்வூர்த் தலைக்கட்டுகளுக்குள் அடங்கியது. ஆடவர் பெயரே பதிவில் ஏறும். பிற சமூகத்தாருக்கு அதில் பங்கில்லை. இதுபற்றிப் பூசல்களும் நேர்ந்துள்ளன. முறை நேர்மையானதே, ஆனால் அந்நேர்மை உள்ளே நிற்போருக்கு மட்டுமே உரியது. இதனைச் சுட்டிக்காட்டும் தகுதி நமக்கு முழுமையாக உண்டா என்றும் எண்ணிப் பார்த்தேன். நம் சங்கங்களின் உறுப்பினர் பதிவேட்டிலும் நிலம் உடையவர் பெயரும் தறி உடையவர் பெயரும் இருக்கின்றன. நாற்று நடும் பெண்ணின் பெயரும் நூல் சுற்றும் பெண்ணின் பெயரும் எத்தனை இருக்கின்றன?

இதற்கிடையே பங்கிடப்படும் பொருளே சுருங்கி வருகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து அடைபடுகிறது. அடைபட்டால் கடல்நீர் வராது, குஞ்சு இறாலும் வராது. கோடையில் ஏரியின் பல பகுதிகள் வறண்டு உப்புப் பூக்கின்றன. முகத்துவாரத்தை நிலைநிறுத்த வேண்டுமென்பது மீனவரின் நெடுநாள் கோரிக்கை. அதற்கென அரசு அண்மைக் காலத்தில் கற்சுவர்ப் பணியை மேற்கொண்டது. தெற்கே துறைமுகங்கள் பெருகுவது பற்றியும் அவர்களுக்குக் கவலை உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும் நாளில் கடலுக்குச் செல்லலாகாது என்னும் கட்டுப்பாடும் உள்ளது. நாடே கைகொட்டும் நாள் அவர்களுக்கு வருவாய் இல்லாத நாள்.

வழி உண்டா?

பாலுக்கு ஆகியது மீனுக்கு ஆகுமா என்று ஐயுறுவோர் உண்டு. அவ்வையத்தில் நியாயமும் இருக்கிறது. மாடு காலையும் மாலையும் தவறாமல் பால் தரும்; ஏரி அவ்வாறு தருவதில்லை. பால் எவர் வீட்டதாயினும் ஒன்றாகக் கலக்கலாம். மீனில் இனம் பல, பருமன் பல, விலையும் பல. ஆயினும் இது கைகூடாக் கனவன்று. கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு என்னும் கடற்கரை ஊரில் மீனவர்கள் 1960களில் தொடங்கி இதனைச் செய்து காட்டினர். கரையில் முதல் விற்பனையைத் தம் சங்கத்தின் கையில் எடுத்துக்கொண்டனர். சங்கமே ஏலம் விட்டது. விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்பெற்றது. மீன் மிகுதியாகப் பட்டால் தவணை மிகும், குறைந்தால் குறையும், படாத நாளில் தவணையே இல்லை. கடனும் விற்பனையும் ஒரே இடத்தில் இணைந்தமையால் வியாபாரியின் முன்பணத்துக்குத் தேவை குறைந்தது. அவ்வழி வந்த ஊர்ச்சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அம்முறை வேரூன்றியது.

நம் இயக்கத்தின் தொடக்கத்தையே இங்கு நினைவுகூர்வது பொருந்தும். சென்னை மாகாணத்து உழவரின் கடன் சுமையை ஆராய்ந்து, ஜெர்மனி நாட்டு ரெய்பைசன் முறையைப் பரிந்துரைத்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அவ்வறிக்கை 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1904இல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே இதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கிராமக் கடன் சங்கம் தோன்றிற்று. அந்த நிக்கல்சனே பின்னர் இம்மாகாணத்தின் மீன்வளப் பணிக்குப் பொறுப்பேற்றார். உழவனுக்கும் மீனவனுக்கும் நோய் ஒன்றே என்பதை அவர் அன்றே கண்டிருக்க வேண்டும்.

எனவே பழவேற்காட்டுக்கு வேண்டுவது புதிய தத்துவம் அன்று. கரையில் சங்கத்தின் தராசு ஒன்று. எடையும் விலையும் குறித்த சீட்டு. பருவம் தவறாமல் கிடைக்கும் சிறு கடன். விற்பனையில் பிடிக்கும் தவணை. பெண்களுக்கும் இருளர்க்கும் திறந்திருக்கும் உறுப்பினர் பதிவேடு. நீரை நேர்மையாகப் பங்கிட்ட மக்களுக்கு இவை அரியன அல்ல. தாமதம் எங்கள் துறையின் பக்கத்திலும் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பொழுது சாயும் வேளையில் விடைபெற எழுந்தேன். கூடை இறக்கிய இளைஞர் வியாபாரியின் கடை வாயிலில் நின்றிருந்தார். இன்னும் விலை சொல்லப்படவில்லை. திரும்பும் பேருந்து அந்தச் சிற்றூரில் நின்றபோது மாலைக் கொள்முதல் நடந்துகொண்டிருந்தது. அதே மூதாட்டி வரிசையில் நின்றார். விளக்கு வெளிச்சத்தில் சீட்டைப் பார்த்துவிட்டு, "காலையிலேவிட கொழுப்பு கொஞ்சம் கொறைவா இருக்கே, மறுபடி பாருப்பா" என்று சோதிப்பவரிடம் கேட்டார். அவரும் மறுபேச்சின்றி மீண்டும் சோதித்துக் காட்டினார்.

அவ்வாறு கேட்கும் உரிமைதான் அந்த இளைஞருக்கும் வேண்டும்.